ஒரே கண், வேறு வேறு கருவி: விழித்திரை ரத்தக் குழாய் அளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண் கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுப்பதும் அளப்பதும் என் வேலை. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், அவர்களைக் கூட்டி வரும் பிள்ளைகள், பயிற்சிக்கு வரும் ஆப்டோமெட்ரி மாணவர்கள் என்று பலரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். ரிப்போர்ட்டில் எண் மாறிவிட்டது என்று பயந்து தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே எனக்குக் கவலை தருகிறது. அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்பவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் தெளிவாகப் பேச இது உதவும்.

"போட்டோ எடுத்து ரத்தக் குழாயை எப்படி அளக்கிறீங்க தங்கச்சி? கண்ணுக்குள்ள எதையாவது விடுவீங்களா?"

எதையும் விடுவதில்லை. உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. கண்மணி வழியாக ஒளியைச் செலுத்தி, கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுக்கிறது ஃபண்டஸ் கேமரா. பெரும்பாலும் 45 டிகிரி அகலத்துக்கு எடுப்போம். படத்தில் மஞ்சளாக வட்டமாகத் தெரிவது பார்வை நரம்புத் தட்டு. அங்கிருந்துதான் குழாய்கள் கிளை பிரிகின்றன. ரத்தத்தைக் கொண்டு வரும் தமனி மெலிதாக, வெளிர் சிவப்பாக, நடுவில் ஒரு பளபளப்புக் கோட்டோடு இருக்கும். ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் சிரை கொஞ்சம் தடிமனாக, கருஞ்சிவப்பாக இருக்கும்.

எங்கே வேண்டுமானாலும் அளந்துவிட முடியாது. குழாய் போகப் போக மெலியும். அதனால் தட்டின் விளிம்பிலிருந்து தட்டு விட்டத்தில் பாதி தூரம் தள்ளித் தொடங்கி, ஒரு விட்ட தூரத்தில் முடிகிற வளையத்தில் மட்டும் அளப்பது வழக்கம். இதை பி மண்டலம் என்பார்கள். அந்த வளையத்துக்குள் ஓடும் குழாய்களின் இரு கரைகளையும் மென்பொருள் கண்டுபிடித்து, இடைவெளியை அளக்கிறது.

"ரிப்போர்ட்ல மூணு எண் இருக்கு. சி.ஆர்.ஏ.இ., சி.ஆர்.வி.இ., ஏ.வி.ஆர். இதெல்லாம் என்ன?"

முதலாவது, அளந்த தமனிகளை எல்லாம் சேர்த்து, 'இவை ஒரே குழாயாக இருந்தால் எவ்வளவு அகலம் இருக்கும்' என்று கணக்கிட்ட எண். இரண்டாவது, சிரைகளுக்கு அதே கணக்கு. மூன்றாவது, முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம். முதல் இரண்டும் மைக்ரானில் வரும். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தமனி எண் 150-ஐ ஒட்டியும், சிரை எண் 220-ஐ ஒட்டியும் இருப்பதை அதிகம் பார்க்கலாம்.

இந்தக் கணக்குக்கு 1974-இல் பார், ஸ்பியர்ஸ் என்ற இருவர் வழி போட்டார்கள். 1999-இல் ஹப்பர்டும் உடன் ஆய்வாளர்களும் அதை ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் விரிவாகப் பயன்படுத்தினார்கள். 2003-இல் நட்சன் குழு அதைத் திருத்தி, மிகப் பெரிய 6 தமனி, 6 சிரையை மட்டும் எடுத்தால் போதும் என்று ஆக்கியது. பழைய சூத்திரமும் புதிய சூத்திரமும் ஒரே படத்துக்கே வேறு எண்ணைத் தரும். கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

"எனக்கு இனிப்புநீர் மட்டும்தான். இதை எதுக்கு அளக்கணும்?"

ரத்தக் கொதிப்பு நெடுநாள் இருந்தால் விழித்திரைத் தமனிகள் குறுகுகின்றன. இனிப்புநீர், புகைபிடித்தல், உடல் பருமன் ஆகியவற்றோடு சிரைகள் அகலமாவது தொடர்புடையது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. பக்கவாதம், இதய நோய் வரும் வாய்ப்போடும் இந்த அகலங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3% பேருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சு எழுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வருடாந்தரக் கண் பரிசோதனையில் டாக்டர் தேடுவது ரத்தக் கசிவு, வீக்கம், புதிதாக முளைத்த குழாய்கள். அகல எண் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கான கருவிதான். அந்த எண் இல்லாவிட்டாலும் உங்கள் பரிசோதனை முழுமையானதே.

"போன வருஷம் 152, இந்த வருஷம் 143. என் குழாய் சுருங்கிடுச்சா?"

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. உடனே நான் திருப்பிக் கேட்பது: இரண்டும் ஒரே கேமராவா, ஒரே மென்பொருளா? பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை. ஒரு தடவை அரசாங்க கிளினிக்கில் எடுத்திருப்பார்கள், அடுத்த தடவை கடைத்தொகுதியில் உள்ள கண்ணாடிக் கடையில் எடுத்திருப்பார்கள். அப்படியானால் அந்த 9 மைக்ரான் உங்கள் கண்ணில் நடந்த மாற்றமா, கருவி மாறியதால் வந்ததா என்று அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

அளவை யோசித்துப் பாருங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஆய்வுகளில் தெரிகிற சராசரி வித்தியாசமே சில மைக்ரான்தான். கருவிக்குக் கருவி வருகிற வித்தியாசம் அந்த அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கலாம். தேடுகிற மாற்றமே சிறியது. அதை அளக்கும் கோலும் நடுவில் மாறினால் அந்த மாற்றம் கண்ணில் படாது.

"ஒரே கண்ணு, ஒரே நாள், ரெண்டு மிஷின். எப்படிங்க ரெண்டு எண் வரும்? ஏதோ ஒண்ணு ரிப்பேர்தானே?"

ரிப்பேர் இல்லை. இரண்டும் சரியாகவே வேலை செய்யலாம். முதல் காரணம், படத்தில் இருப்பது பிக்ஸல்கள். மைக்ரான் என்பது நாம் பிறகு கணக்கிடுவது. 45 டிகிரி படம் விழித்திரையில் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. படம் 2,000 பிக்ஸல் அகலம் என்றால் ஒரு பிக்ஸல் சுமார் 6.5 மைக்ரான். 100 மைக்ரான் தமனி ஒன்று வெறும் 15 பிக்ஸல்தான் இருக்கும். கரை எங்கே என்று தீர்மானிப்பதில் இரு பக்கமும் ஒரு பிக்ஸல் தள்ளிப்போனால் 13 மைக்ரான் போயிற்று. நல்ல மென்பொருள் பிக்ஸலுக்கு உள்ளேயும் நுணுக்கமாகக் கணிக்கும், உண்மைதான். ஆனால் மங்கிய கரையில் எந்தப் புள்ளியைக் கரை என்று எடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் முடிவு செய்கிறது. தமனியின் நடுப் பளபளப்புக் கோடு பலமாக இருந்தால் சில மென்பொருள்கள் ஒரு தமனியை இரண்டு மெல்லிய குழாய்களாகப் பிரித்துவிடும். திரையில் அதைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், பிக்ஸலை மைக்ரானாக மாற்றும் அளவுகோல். பார்வை நரம்புத் தட்டின் விட்டம் சராசரியாக இவ்வளவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பழைய பழக்கம். ஒருவர் 1,800 மைக்ரான் என்று வைப்பார், இன்னொருவர் 1,850 என்று வைப்பார். அந்த ஒரு மாற்றத்திலேயே 150 என்பது 154 ஆகிவிடும். உங்கள் தட்டு உண்மையில் எவ்வளவு பெரியது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் அது நன்றாகவே மாறுபடும்.

மூன்றாவது, ஒளி. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், அதனால் பச்சை ஒளியில் குழாய் கருமையாக, கரை தெளிவாகத் தெரியும். ஓ.சி.டி. என்பது ஒளியை வைத்து விழித்திரையைக் குறுக்குவெட்டாகப் படம் எடுக்கும் ஸ்கேன். அந்தக் கருவிகள் கூடவே எடுக்கும் படம் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது. அங்கே கரை வேறு மாதிரி. சாதாரண போட்டோவில் தெரிவது குழாய்க்குள் ஓடும் ரத்தம் மட்டுமே. குழாயின் சுவர் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவதால் அது படத்தில் விழாது. ஓ.சி.டி. குறுக்குவெட்டிலோ, கண்ணின் ஒளிக் குறைகளைத் திருத்தி மிக நுணுக்கமாகப் படம் எடுக்கும் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கேமராவிலோ சுவரும் தெரியும். ஒன்று உள் அகலத்தை அளக்கிறது, மற்றது வெளி அகலத்தையும் சேர்க்கிறது. அப்புறம் எப்படி எண்கள் ஒன்றாக இருக்கும்?

"ஒரே மிஷின்ல ரெண்டு தடவை எடுத்தா அதே எண் வருமா?"

அச்சாக அதே எண் வராது, ஆனால் நெருக்கமாக வரும். இதயம் துடிக்கும்போது குழாயும் லேசாக விரிந்து சுருங்கும். போட்டோ அந்தத் துடிப்பில் ஒரு கணத்தைத்தான் பிடிக்கிறது. தட்டு படத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் விழுந்தாலும் எண் நகரும். அதனால் ஒரு கண்ணுக்கு இரண்டு மூன்று படம் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்ல பழக்கம்.

"எனக்குக் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 6. என் குழாய் மெலிசா இருக்குன்னு சொல்றாங்க."

பவரைச் சொன்னது நல்லதாகப் போயிற்று, பலர் சொல்வதில்லை. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களின் கண் நீளமாக இருக்கும். சாதாரணக் கண் சுமார் 24 மில்லிமீட்டர் என்றால் உங்களுடையது 26 ஆக இருக்கலாம். நீளமான கண்ணில் அதே அளவுள்ள குழாய் படத்தில் சின்னதாக விழும். எல்லாக் கண்ணும் 24 என்று எண்ணும் கருவியில், 26 மில்லிமீட்டர் கண்ணில் உண்மையில் 150 மைக்ரான் உள்ள குழாய் சுமார் 138 என்று வரும். 1994-இல் பென்னட்டும் உடன் ஆய்வாளர்களும் தந்த திருத்தச் சூத்திரத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. லிட்மன் என்பவர் 1982-இலேயே இப்படி ஒரு திருத்தம் தந்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், சில கருவிகளில் கண்ணின் நீளத்தை உள்ளிடலாம், சிலவற்றில் கருவிழியின் வளைவைக் கேட்கும், சிலவற்றில் எதையும் கேட்காது. அதனால் கிட்டப்பார்வை உள்ளவர் கருவி மாறும்போது எண்ணில் வரும் தாவல் மற்றவர்களுக்கு வருவதைவிடப் பெரிதாக இருக்கும். கண் நீளத்தை ஒரு தடவை அளந்து ரிப்போர்ட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். புரை ஆபரேஷனுக்கு முன்பு எப்படியும் அதை அளப்பார்கள்.

"சொட்டு மருந்து போடாம எடுத்தா சீக்கிரம் முடியுமே. அதனால எண் மாறுமா?"

மாறலாம். கண்மணி சின்னதாக இருந்தால் படம் மங்கும், கரை பரவும். சொட்டு மருந்திலும் வகை உண்டு. ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கும் தன்மை கொண்டது, ட்ரோபிகமைடு வேறு வகை. போன தடவை என்ன போட்டார்களோ அதையே இந்தத் தடவையும் போடுவது உத்தமம். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள், சில மணி நேரம் கண் கூசும்.

புரையும் இதே கதைதான். புரை மூடிய கண்ணில் குழாயின் கரை கலங்கித் தெரியும். ஆபரேஷன் முடிந்து தெளிவான லென்ஸ் வழியாக எடுத்தால் அதே கேமராவிலேயே எண் மாறும். குழாயில் எதுவும் நடந்திருக்காது.

"அப்ப விகிதத்தை மட்டும் பார்த்தா போதுமே? பெரிசாக்கினாலும் சின்னதாக்கினாலும் விகிதம் மாறாதே."

கணக்கு டீச்சர் ஒருவர் கேட்ட கேள்வி. நல்ல யோசனை, பாதி சரி. 150, 220 என்றால் விகிதம் 0.68. கருவி எல்லாவற்றையும் 5% பெரிதாக்கிக் காட்டினால் 157.5, 231. விகிதம் அதே 0.68. ஆக, கண் நீளம், தட்டு அளவு இரண்டாலும் வரும் பிழை விகிதத்தில் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது.

ஆனால் கரையைக் கண்டுபிடிப்பதில் வரும் பிழை பெருக்கல் அல்ல, கூட்டல். தமனிக்கும் சிரைக்கும் 10 மைக்ரான் கூட்டிக் காட்டும் மென்பொருளில் 160, 230 ஆகி விகிதம் 0.70 ஆகிவிடும். மெலிந்த குழாய்க்கு அந்த 10 பெரிய பங்கு, தடித்த குழாய்க்குச் சின்னப் பங்கு என்பதால் இப்படி ஆகிறது. இன்னொரு குறை, தமனி குறுகினாலும் விகிதம் குறையும், சிரை அகலமானாலும் குறையும். இரண்டும் வேறு வேறு சங்கதி. அதனால் இப்போது ஆய்வுகளில் இரண்டு அகலங்களையும் தனித்தனியாகவே பார்க்க விரும்புகிறார்கள்.

"பாசார்ல கட்டியைக் கிலோவா மாத்தற மாதிரி, ஒரு மிஷின் எண்ணை இன்னொண்ணா மாத்த கணக்கு இல்லையா?"

கட்டி என்பது இங்கே பாசாரில் (சந்தையில்) புழங்கும் பழைய எடை அளவு, ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். யார் கடையிலும், எந்தக் காய்க்கும் அதேதான். இரண்டு கேமராவுக்கு இடையில் அப்படி ஒரு மாறாத எண் கிடையாது. மாற்றுச் சூத்திரங்கள் இருப்பது உண்மை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருவான ஐவன், சிங்கப்பூரில் உருவான சிவா, ஸ்காட்லாந்தில் உருவான வேம்பயர் போன்ற மென்பொருள்களை ஒரே படங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். எண்கள் ஒன்றாக வரவில்லை. சிலவற்றுக்கு இடையே மாற்றுச் சூத்திரமும் போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சூத்திரம் கூட்டத்தின் சராசரியைச் சரிசெய்யும். ஒரு தனி ஆளை எடுத்தால், சிலருக்கு 3 மைக்ரான் கூடுதலாகவும் சிலருக்கு 8 மைக்ரான் குறைவாகவும் மிச்சம் நிற்கலாம். கிட்டப்பார்வை, புரை, மங்கிய படம், பளபளப்புக் கோடு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அந்த மிச்சத்தைச் சூத்திரத்தால் துடைக்க முடியாது. ஆயிரம் பேரை ஒப்பிடும் ஆய்வுக்கு அது பயன்படும். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டுக்குப் பயன்படுத்த நான் துணிய மாட்டேன்.

"புதுக் கேமராவும் பழசும் 0.95 ஒத்துப்போகுதுன்னு விற்பனைக்கு வந்தவர் சொன்னாரு. அது போதாதா?"

சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் நண்பர் கேட்டது. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 0.95 என்பது தொடர்பின் அளவு, அதாவது ஒரு கருவியின் எண் கூடும்போது மற்றதும் எவ்வளவு சீராகக் கூடுகிறது என்பது. புதுக் கருவி ஒவ்வொருவருக்கும் சரியாக 20 மைக்ரான் கூட்டிக் காட்டினாலும் தொடர்பு 1.00 என்றே வரும். தொடர்பு முழுமை, உடன்பாடோ பூஜ்யம். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் உடைத்துச் சொன்னது.

அவர்கள் காட்டிய வழி எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கருவிகளின் எண்ணைக் கழியுங்கள். அந்த வித்தியாசங்களின் சராசரியைப் பாருங்கள், அப்புறம் 95% பேருக்கு வித்தியாசம் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பாருங்கள். அந்த எல்லை மைனஸ் 15 முதல் பிளஸ் 15 மைக்ரான் வரை என்றால், சராசரி வித்தியாசம் பூஜ்யமாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் விற்பனைக்கு வருபவரிடம் கேட்க வேண்டியது இந்த எல்லையைத்தான்.

"ஓ.சி.டி. ஆஞ்சியோவுல குழாய் அடர்த்தி இங்க 48%, வேற இடத்துல 42%. ரத்த ஓட்டம் குறைஞ்சிடுச்சா?"

இதில் கருவி வேறுபாடு இன்னும் பெரியது. ஓ.சி.டி. ஆஞ்சியோ குழாயை நேராகப் படம் பிடிப்பதில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, அசைகிற இடம் ரத்தம், அசையாத இடம் திசு என்று பிரிக்கிறது. அந்தப் பிரிப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கணக்குமுறையை வைத்திருக்கிறது. மேலடுக்கு எங்கே முடிகிறது, கீழடுக்கு எங்கே தொடங்குகிறது என்பதிலும் ஒரே கோடு இல்லை. அலகே வேறாகவும் இருக்கும். ஒரு கருவி குழாய்கள் மூடிய பரப்பை சதவீதமாகத் தரும். இன்னொன்று குழாயை ஒற்றைக் கோடாக மெலித்து, ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்று தரும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

ஒரே கருவியிலேயே 3×3 மில்லிமீட்டர் ஸ்கேனும் 6×6 ஸ்கேனும் வேறு எண் தரும், பெரிய பரப்பில் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி கூடுவதால். கண் வறண்டு சிக்னல் குறைந்தாலும் அடர்த்தி குறைந்த மாதிரி காட்டும். பார்வை மையத்தில் குழாயே இல்லாத சின்னத் தீவு ஒன்று உண்டு. அதன் பரப்பளவு, அடர்த்தியைப் போல் அவ்வளவு தூரம் கருவிக்குக் கருவி அலைவதில்லை. ஆனாலும் மேலே சொன்ன கண் நீளப் பிரச்சினை அதற்கும் உண்டு.

"ஒரே ஷாட்ல முழுக் கண்ணும் வர்ற பெரிய மிஷின் இருக்கே, அதுல அளந்தா இன்னும் துல்லியமா இருக்குமா?"

ஆப்டோஸ் மாதிரியான அகலப் படக் கருவிகளைச் சொல்கிறீர்கள். 200 டிகிரி வரை பிடிக்கும். ஓரத்தில் உள்ள நோயைக் கண்டுபிடிக்க அருமையான கருவி. ஆனால் உருண்டையான கண்ணைத் தட்டையான படமாக விரிக்கும்போது ஓரங்கள் இழுபடும். மென்பொருள் அதைத் திருத்த வேண்டும். நிறமும் வெள்ளை ஒளியில் எடுத்தது அல்ல, சிவப்பு, பச்சை லேசர்களைக் கலந்து உண்டாக்கியது. அகலமாகப் பிடிப்பது வேறு, துல்லியமாக அளப்பது வேறு.

"ஏ.ஐ. வந்துடுச்சே. அது எல்லா மிஷினையும் ஒண்ணாக்கிடாதா?"

கையால் திருத்தும் வேலையை ஏ.ஐ. நிறையக் குறைத்துவிட்டது. 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து வயது, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். படத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத தகவல் நிறைய இருக்கிறது. ஆனால் ஏ.ஐ. எந்தக் கேமராவின் படங்களில் பழகியதோ அந்தக் கேமராவில்தான் அதற்குக் கை பழகியிருக்கும். புதிய கேமராவின் நிறம், கூர்மை, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் விதம் மாறினால் அது கண்டுபிடிக்கும் மெல்லிய கிளைகளும் மாறும். அகலத்தைவிட, கிளைகளின் சிக்கலை அளக்கும் ஃபிராக்டல் எண்ணில் இந்த ஆட்டம் அதிகம். கண்டுபிடித்த கிளை கூடினால் எண்ணும் கூடிவிடும்.

நம் ஆட்களின் விழித்திரையில் நிறமி அதிகம், பின்புலம் கருமையாக இருக்கும். வெளிர்ந்த பின்புலத்தில் பழகிய மென்பொருள் இங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று தனியாகச் சோதிக்க வேண்டும். 'இயல்பான அளவு' என்று கருவி காட்டும் அட்டவணை எந்த மக்களிடமிருந்து வந்தது என்றும் கேளுங்கள். சிங்கப்பூரில் மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் தனித்தனியாகக் கண் ஆய்வுகள் நடத்தியிருக்கிறார்கள். நமக்கு மேல்நாட்டு அட்டவணையைவிட அவை நெருக்கமானவை.

"கைபேசியில மாட்டுற லென்ஸ் வாங்கியிருக்கோம். தைப்பூசம் கேம்ப்ல அளக்கலாமா?"

கசிவு இருக்கிறதா, டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா என்று பார்க்க தாராளமாக. அகலம் அளக்க வேண்டாம். கையில் பிடிக்கும் தூரம் மாறினாலே உருப்பெருக்கம் மாறும்.

"என் தீசிஸுக்கு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இனிப்புநீர் நோயாளிகள், இன்னொரு இடத்திலிருந்து ஆரோக்கியமானவங்க. கேமரா வேற. பரவாயில்லையா மிஸ்?"

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், தம்பி. நோயாளிகள் எல்லாரும் ஒரு கேமராவில், ஆரோக்கியமானவர்கள் எல்லாரும் இன்னொரு கேமராவில் என்றால், கடைசியில் வரும் வித்தியாசம் இனிப்புநீரால் வந்ததா, கேமராவால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிவிட்டன. இரண்டு இடத்திலும் இரண்டு வகை ஆட்களையும் சேர்த்தால் கேமராவைக் கணக்கில் எடுத்துப் பிரிக்கலாம். இது தரவு சேர்ப்பதற்கு முன்பு யோசிக்க வேண்டியது. சேர்த்து முடித்த பிறகு வந்து கேட்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

"எங்க கிளினிக்ல கேமரா மாத்தப் போறோம். பழைய பதிவு எல்லாம் வீணா?"

வீணாகாது, பழைய கேமராவை அவசரப்பட்டு அனுப்பாமல் இருந்தால். இரண்டும் கையில் இருக்கும் சில வாரங்களில், வருகிறவர்களில் சம்மதிப்பவர்களை ஒரே நாளில், அதே சொட்டு மருந்தில் இரண்டிலும் படம் எடுங்கள். நல்ல கண்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கிட்டப்பார்வை, லேசான புரை, வயதானவர்கள், இளையவர்கள் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். மேலே சொன்ன பிளாண்ட்-ஆல்ட்மன் கழித்தலைப் போட்டால் உங்கள் இரண்டு கேமராவுக்கும் உள்ள தூரம் உங்கள் நோயாளிகளிடமே தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அழித்துவிடாதீர்கள். மூலப் படம் சுருக்காமல் இருந்தால், பழைய படங்களையும் புதிய மென்பொருளில் மறுபடி ஓட்டி அளக்கலாம். அப்போது மென்பொருளால் வரும் வித்தியாசம் கழிந்துவிடும், கேமராவால் வருவது மட்டும் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்த படம் இதற்கு உதவாது.

"அம்மா பட்டர்வொர்த்துல, நான் கே.எல்.ல. மாறி மாறி ரெண்டு ஊர்லயும் காட்டறோம். நான் என்ன கேட்டு வாங்கணும்?"

முடிந்தால் தொடர் பரிசோதனையை ஒரே ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலோ கோலாலம்பூரிலோ, அம்மாவுக்கு அலைச்சல் குறைவான இடம். முடியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் படங்களின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கருவியின் பெயரும் மாடலும், மென்பொருளின் பதிப்பு, ஓ.சி.டி. என்றால் ஸ்கேன் அளவு, சொட்டு மருந்து போட்டார்களா இல்லையா, கண்ணாடி பவர், அன்றைய ரத்த அழுத்தம் இவையெல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். கேட்டால் கொடுப்பார்கள், கூச்சப்பட வேண்டாம்.

"விழித்திரை வீக்கம் இங்க 310, அங்க 285ன்னு வந்துச்சு. மிஷினே ஒத்துப்போகல, ஊசி எதுக்குங்கறாரு அப்பா."

இது குழாய் அகலம் இல்லை, விழித்திரையின் தடிமன். ஆனால் காரணம் ஒன்றுதான். ஓ.சி.டி. கருவிகள் விழித்திரையின் அடிக்கோட்டை ஒரே இடத்தில் போடுவதில்லை. பழைய ஸ்ட்ராட்டஸ் கருவி கோட்டைக் கொஞ்சம் மேலே போடும், பின்னால் வந்த சிர்ரஸும் ஸ்பெக்ட்ராலிஸும் கீழே போடும். அதனால் அதே கண்ணுக்குப் பழைய கருவி பல பத்து மைக்ரான் குறைத்துக் காட்டும். ஆகவே 310-க்கும் 285-க்கும் நடுவில் வீக்கம் வடிந்துவிட்டது என்றோ, இரண்டும் பொய் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீக்கத்தைக் குறைக்கக் கண்ணில் போடும் ஊசியை முடிவு செய்ய டாக்டர் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. குறுக்குவெட்டுப் படத்தில் விழித்திரைக்குள் கறுப்புக் குமிழ்களாக நீர் கோத்திருப்பதையும், பார்வை எத்தனை வரி குறைந்திருக்கிறது என்பதையும் பார்க்கிறார். நீர் இருந்தால் எந்தக் கருவியிலும் நீர்தான். அடுத்த தடவை அப்பாவையும் உள்ளே அழைத்துப் போய், இரண்டு இடத்துப் படத்தையும் டாக்டரின் திரையில் திறந்து அந்தக் குமிழ்களைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை ஊசிக்குக் குறித்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.